கார் டயர் பழுப்பாகிவிட்டதா? பாலிஷ் போடும் முன் இதைக் கவனிங்க!

காரின் பாடி பளிச்சென்று இருக்கும். டயர் மட்டும் பழுப்பேறிக் கிடக்கும். நாவலூர் மாதிரி ஓ.எம்.ஆர். பகுதிகளில், வெயிலில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வாட்டர் வாஷ் விட்டு பாலிஷ் அடித்தால் அன்றைக்குக் கன்னங்கரேல் என்று மாறும். சில வாரங்களில் மறுபடியும் அதே பழுப்பு. அப்படியென்றால் டயர் கெட்டுப்போச்சா? இல்லை. பழுப்பு நிறம் ஆபத்தில்லை. அதைப் பாலிஷ் போட்டு மறைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

டயர் ஏன் பழுப்பாகிறது?

டயருக்குக் கருப்பு நிறத்தையும் உறுதியையும் தருவது ரப்பருடன் கலக்கப்படும் கார்பன் பிளாக். ஆனால் காற்றிலுள்ள ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். வாகனப் புகையும் வெயிலும் சேரும் இடத்தில் தரைமட்ட ஓசோன் உருவாகும். இதைத் தடுக்க 6பிபிடி போன்ற ரசாயனங்களையும் மெழுகையும் ரப்பரில் கலக்கிறார்கள். இவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ஓசோனுடன் வினைபுரிந்து பழுப்பாகின்றன. இதற்கு 'புளூமிங்' என்று பெயர். அதாவது, டயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதன் அடையாளம்தான் இந்த நிறம்.

எல்லாப் பழுப்பும் புளூமிங் இல்லை. முன்சக்கரங்களில் அதிகமாகத் தெரிந்தால் பிரேக் தூசியாக இருக்கலாம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது உப்பு கலந்த போர் தண்ணீர் காய்ந்த கறையாக இருக்கலாம். கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால், உப்புக் காற்று இரும்பு ரிம்மையும் வீல் நட்டையும் அரிக்கும். கழுவும்போது அவற்றையும் பார்ப்பது நல்லது.

சுத்தம் செய்வது எப்படி?

1. வண்டியை நிழலில் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு தண்ணீர் அடித்து மண்ணைப் போக்க வேண்டும்.
2. கார் ஷாம்பூ போட்டு, நைலான் பிரஷ்ஷால் டயரின் பக்கவாட்டைத் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம்.
3. முதலில் நுரை பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை திரும்பத் தேய்த்துக் கழுவுங்கள்.
4. நன்றாகக் காய்ந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் தண்ணீர் கலவையில் தயாரான டயர் பாலிஷை ஸ்பாஞ்சால் மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடலாம்.

செய்யக் கூடாதவை

* மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், பழைய இன்ஜின் ஆயில் தடவுவது. பளபளப்பு கிடைக்கும், ஆனால் ரப்பர் ஊறி பலமிழக்கும்.
* சாலையில் படும் பட்டன் பகுதியில் பாலிஷ் போடுவது. பிரேக் அடிக்கும்போது வழுக்கும். பைக் டயருக்கு இது இன்னும் ஆபத்து.

பாலிஷுக்கு முன் பார்க்க வேண்டியவை

டயரில் அழுக்கு போன பிறகுதான் உண்மை நிலை தெரியும். பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் டயர் கடையில் உடனே காட்டுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள், பளபளக்கும் டயரைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.

பட்டன் ஆழம் காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ., பைக்குக்கு 0.8 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. டயர் பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மேடுகளின் மட்டத்துக்குப் பட்டன் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

டயரின் வயதை அதிலேயே பார்க்கலாம். பக்கவாட்டில் 'டிஓடி' எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 2321 என்றால், 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 5 ஆண்டுக்குப் பிறகு வருடம் ஒருமுறை சோதிப்பதும், பட்டன் இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் ஓட்டாமல் இருப்பதும் நல்லது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் கவனத்துக்கு...

டயர் உருண்டு நெளியும்போதுதான் காப்பு மெழுகு மேலே வரும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காரில் இது நடக்காது. அதனால் டயர் சீக்கிரம் வெடிக்கலாம். வாரம் ஒருமுறையாவது கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயர் கருப்பாகத் தெரிவதைவிட, வெடிப்பில்லாமல் இருப்பதுதான் முக்கியம்.