செவிலியர் நலப் பயிற்றுநராதல்

கட்டிலருகே பணிசெய்த செவிலியர், ஊருக்குள் போய் நலமாக வாழக் கற்றுத்தருபவராக மாறுவது இந்தக் காலத்து வழக்கமாகத் தோன்றும். உண்மையில் இது பழைய எண்ணம்.

1860இல் லண்டனில் செவிலியர் பள்ளி தொடங்கிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1893இல் எழுதிய கட்டுரையில் நோயாளியைப் பேணுவது வேறு, நலமாயிருப்பவரை நலமாக வைத்திருப்பது வேறு எனப் பிரித்தார். இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றார். மேடைப் பேச்சால் பழக்கம் மாறாது, வீட்டுக்கே சென்று பேச வேண்டும் என்பது அவர் கருத்து. வகுப்பறையில் காலம் கழித்த எவரும் இதை மறுக்கமாட்டார்.

இந்தியாவில் 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் நலவாழ்வு மையங்கள் வந்தபோது இந்த மாற்றம் பெரிய அளவில் நிகழ்ந்தது. செவிலியர் பலர் ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் சமுதாய நல அலுவலர்களாயினர். புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக நலவாழ்வு மையம் அதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே இயங்குகிறது.

வேலையின் கடினம் வீட்டுக்குள் போனதும் தெரியும். மருத்துவமனையில் நோயாளி செவிலியர் சொல்வதைக் கேட்பார். வீட்டிலோ அவர்தான் எசமானர். நெல் விளையும் பாகூர்ப் பக்கம் சர்க்கரை நோயாளியிடம் "சோற்றைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. எத்தனை கரண்டி சோறு, யார் பரிமாறுகிறார், எந்த வேளையில் குறைக்க மனம் ஒப்பும் என்று கேட்டு, ஒரே ஒரு மாற்றத்துக்கு உடன்படவைத்து, அது நடந்ததா என்று பார்க்க மறுபடி அதே படியேறுவதே பயிற்றுநர் வேலை.