டிஹெச்சிபி கோளாறுகள்

அலுவலக வலையமைப்பில் சேரும் கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் நெறிமுறை டிஹெச்சிபி. 1993இல் வரையறுக்கப்பட்டது, 1997இல் திருத்திய வடிவமே இன்றும் அடிப்படை.

"நெட் வரல" என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கணினியின் முகவரியைத்தான். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராமல் கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள், சுவிட்ச் போர்ட், சர்வர் என்ற வரிசையில் சோதிப்பது நல்லது. முகவரிகள் தீர்ந்துபோவதும் உண்டு. /24 வலையில் கிடைப்பவை 254 மட்டுமே. ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் காலமே குத்தகை; விண்டோஸ் சர்வரில் அது இயல்பாக 8 நாள் என்பதால், வந்துபோகிறவர்களின் கைபேசிகளே பலவற்றைப் பிடித்துவைத்துவிடும். விருந்தினர் வைஃபைக்குச் சில மணி நேரக் குத்தகை போதும்.

ஆளை மிகவும் அலைக்கழிப்பது அழையா சர்வர். யாரோ வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகிவிட்டால் அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். சிலருக்கு மட்டும் இணைப்பு போவதால் காரணம் எளிதில் பிடிபடாது. பாதிக்கப்பட்ட கணினியில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கட்டளை காட்டும் டிஹெச்சிபி சர்வர் முகவரி அந்நியமாக இருந்தால், அதன் மேக் முகவரியைச் சுவிட்சின் அட்டவணையில் தேட வேண்டும். எந்தப் போர்ட் என்று தெரிந்துவிடும். டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வசதியை இயக்கி வைத்த சுவிட்ச், நம்பகமானதாகக் குறித்த போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்தும் டிஹெச்சிபி சர்வரின் பதில்களை அனுமதிக்காது.