குப்பை என்று ஒதுக்கிய ஆர்.என்.ஏவும் மூளைக் கட்டியும்

தேனி, போடி, உத்தமபாளையம் பக்கம் கல்லூரி முடித்தவர்களின் பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானவர் குமரவேல் சோமசுந்தரம். அவர் எடுத்துக்கொண்ட எதிரி லேசுப்பட்டதல்ல. கிளியோபிளாஸ்டோமா! மூளைக் கட்டிகளில் மிகக் கொடியது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை என மூன்றும் கொடுத்துப் பார்த்தும் பாதிப்பேர் 15 மாதத்தைத் தாண்டவில்லை என்றது 2005இல் வந்த பெரிய ஆய்வு.

சரி, இதில் ஆர்.என்.ஏ எங்கே வந்தது?

நம் டி.என்.ஏவில் புரதம் செய்வதற்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பகுதியை 1972இல் சுசுமு ஓனோ 'குப்பை' என்று எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. (காமர்ஸ் பாஷையில் டெட் ஸ்டாக்!) 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் லின்-4 என்ற குட்டி ஆர்.என்.ஏ செய்யும் வேலையைக் கண்டார்கள். அது புரதம் எதுவும் செய்யாது. இன்னொரு ஆர்.என்.ஏவில் போய் ஒட்டிக்கொண்டு அதன் புரத உற்பத்தியை அடக்கிவிடும், அவ்வளவுதான். புழு சமாச்சாரம் என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2000இல் லெட்-7 என்ற இன்னொன்று மனிதனிலும் இருப்பது தெரிந்தபிறகுதான் கூட்டம் கூடியது.

இவற்றில் எல்லாமே நல்லவை அல்ல. மைக்ரோ ஆர்.என்.ஏ-21 கிளியோபிளாஸ்டோமா செல்களைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறது என்று 2005இல் தெரியவந்தது.

பெங்களூருக் குழு நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து, கட்டிகளில் எந்தெந்த மைக்ரோ ஆர்.என்.ஏ கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று 2010இல் கணக்கெடுத்தது. குறைந்தவற்றில் ஒன்று 219-5பி. அதைத் திரும்பச் செல்லுக்குள் செலுத்தியபோது, கட்டியை வளரத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் புரதம் குறைந்தது, வளர்ச்சியும் மட்டுப்பட்டது. 2013இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் மருந்து எங்கே? 34 என்ற எண் கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏவை மருந்தாக்கி, கல்லீரல் உள்ளிட்ட புற்றுநோய்களுக்கு மனிதர்களிடம் சோதித்தார்கள். கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் அந்தச் சோதனை நின்றது. மூளைக்கோ இன்னொரு தொல்லையும் உண்டு. ரத்தத்தில் வரும் பெரும்பாலான மருந்துகளை மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் உள்ளே விடாது. ஆம்ப்ரோசுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு வந்துவிட்டது. 219-5பி இன்னும் மாத்திரையாகவோ ஊசியாகவோ மாறவில்லை.