தட்டிலிருந்து உரிமம் வரை: காஞ்சிபுரத்தில் கணினி விளையாட்டு வாங்கிய வரலாறு

கணினி விளையாட்டு ஒன்றை இன்று வாங்க நினைப்பவர் முன் ஸ்டீம், எபிக், ஜிஓஜி, மைக்ரோசாஃப்ட் எனப் பல டிஜிட்டல் கடைகள் திறந்திருக்கின்றன. எதில் வாங்குவது என்று கேட்டால் 'எங்கே மலிவோ அங்கே' என்பதுதான் வழக்கமான விடை. காஞ்சிபுரம் போன்ற ஒரு மாவட்டத் தலைநகரில் இந்த வணிகம் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் அந்த விடை பாதிதான் சரி. விலையைப் பேசத் தொடங்கும் முன்பே மூன்று காரணிகள் இங்கே தேர்வை முடித்துவைத்திருந்தன: இணைய வேகம், பணம் செலுத்தும் வழி, விலை எந்த நாணயத்தில் குறிக்கப்பட்டிருந்தது என்பது. மூன்றும் ஏறத்தாழ 2015க்கும் 2017க்கும் இடையில் சீராயின. அதற்குப் பிறகுதான் கடைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஆனால் அதற்குள் விற்கப்படும் பொருளின் தன்மையே மாறிவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

காஞ்சிபுரத்தைக் களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. பொருளைப் பார்க்கும் முன் கடையை எடைபோடும் பழக்கமுள்ள ஊர் இது. பட்டுக்கு இங்கே பல வாசல்கள்: 'சொசைட்டி' என்று ஊரார் சொல்லும் கூட்டுறவுச் சங்கங்கள், காந்தி ரோட்டுத் தனியார் கடைகள், தறி போட்டிருப்பவரின் வீடு, இப்போது இணையம். 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரையும், அதை அடுத்துக் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும், வாங்குபவர் மனத்தில் இருந்த ஐயத்துக்கு விடையாக வந்தவைதாம். கணினியும் இந்த மாவட்டத்துக்கு அந்நியமல்ல. புடவைக் கரையின் வடிவமைப்பு வரைகட்டத் தாளிலிருந்து கணினித் திரைக்கு மாறியது; 2007இல் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணினி ஆலையே தொடங்கியது. கணினி செய்யும் ஊர் பக்கத்தில் இருந்தும், அதில் போட்டு விளையாட ஒரு விளையாட்டு வேண்டுமென்றால் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

தட்டுகளின் காலம்

1990களின் பிற்பகுதியிலிருந்து 2010 வரை விளையாட்டு என்றால் சிடி, பிறகு டிவிடி. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், சென்னையில், இரண்டு சந்தைகள் இருந்தன. ஒன்று அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. மற்றொன்று 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான, ராஜாஜி சாலையிலுள்ள பர்மா பஜார். 'ரோட் ராஷ்', 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 'ப்ராஜெக்ட் ஐஜிஐ', 2003இல் கணினிக்கு வந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி' ஆகியவை ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். தமிழ்நாட்டின் உள்ளூர்களில் அவற்றை ஒரிஜினல் பெட்டியோடு வாங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தச் சந்தையில் கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முறையான அளவுகோல் எதுவும் கிடையாது, நம்பிக்கைதான் அளவுகோல். பூட்டை உடைக்கும் கிராக் வேலை செய்யுமா, வைரஸ் இருக்குமா, பாதி நிறுவிய பிறகு தட்டு நின்றுவிடுமா என்பதே கவலை. 'ஓடலைன்னா எடுத்துட்டு வா தம்பி, மாத்தித் தர்றேன்' என்று சொல்லும் கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர். சட்டத்துக்குப் புறம்பான வணிகத்திலும் பொருளை மாற்றித் தரும் ஒழுங்கு இருந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த டிஜிட்டல் கடைகள் இந்த ஒழுங்குக்கு வர நெடுங்காலம் ஆனது. 2004இல் தமிழ்நாடு அரசு 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தித் திருட்டு வீடியோ வணிகர்களையும் அதன் கீழ் கொண்டுவந்தது. குறி திரைப்படத்தின் மீதுதான். படத் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருளுக்காகக் கோட்டை வரை போனதுபோல விளையாட்டுக்காகப் போக இங்கே ஆளில்லை.

ஊருக்குள் வந்த ஒரு தட்டு ஒரு வீட்டோடு நிற்காது. பிரவுசிங் சென்டர் கணினியில் ஏறும், அங்கிருந்து நண்பர் வீட்டுக்குப் போகும், பிறகு பென் டிரைவில் தெருவைச் சுற்றும். பெரும்பாலும் பையன்களின் உலகம் அது. பெண் பிள்ளைகளைப் பிரவுசிங் சென்டருக்குத் தனியே அனுப்பத் தயங்கிய காலம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்தச் சுற்றுக்கு இரண்டாம் ஆயுள் தந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அந்த மடிக்கணினிகளில் புது விளையாட்டுகள் ஓடாது; எட்டு ஆண்டு பழைய வைஸ் சிட்டி தாராளமாக ஓடும். உலகச் சந்தையில் மூப்படைந்துவிட்ட விளையாட்டுகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் புதிய ஆட்டக்காரர்களைப் பெற்றன. பழைய விளையாட்டுகளை மலிவாக விற்கும் ஒரு கடை அன்றைக்கு இங்கே வேரூன்றியிருக்கலாம். அப்படி ஒரு கடை உலகில் இருந்தது, ஆனால் அது டாலரில் விற்றது.

பத்தாண்டு திறக்காத கதவு

வால்வ் நிறுவனம் ஸ்டீமைத் தொடங்கியது 2003 செப்டம்பர் 12 அன்று. முதலில் அது தன் விளையாட்டுகளுக்குத் திருத்தங்கள் அனுப்பும் கருவியாகவே இருந்தது. 2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வெளிவந்தபோது பெட்டியில் தட்டு வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்குத் தொடங்கினால்தான் விளையாட முடியும் என்றானது. தட்டு கையில் இருந்தாலும் அனுமதி வேறிடத்தில் இருக்கும் என்ற ஏற்பாடு பரவலானது அங்கிருந்துதான். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008இல் தொடங்கிய ஜிஓஜி எதிர்த் திசையில் நடந்தது: பழைய விளையாட்டுகளை எந்தப் பூட்டும் இல்லாமல் விற்றது, நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கடையே இல்லாமல் போனாலும் விளையாடலாம்.

இரண்டும் காஞ்சிபுரத்துக்கு எட்டாதவை. இந்தியாவின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2013இல்தான் அது 512 ஆனது. 256 கிலோபிட் இணைப்பில் ஒரு டிவிடியளவு, அதாவது 4.7 ஜிபி, இறங்க இடைவிடாமல் 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் மின்வெட்டு வராமல் இருக்க வேண்டும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த நிபந்தனையின் கனம் தெரியும். 2015 ஏப்ரலில் 'ஜிடிஏ 5' கணினிக்கு வந்தபோது சுமார் 60 ஜிபி. அதன் பெட்டியில் ஏழு டிவிடிகள் இருந்தன. நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பு உள்ளவருக்கும் அதைப் பதிவிறக்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்; மாத அளவு தீர்ந்து வேகம் குறைந்துவிட்டால் இன்னும் கூடும். ஏழு தட்டுகளைத் தூக்கி வருவது அன்று பிற்போக்கல்ல, சிக்கனம்.

வேகத்தைச் சமாளித்தவரையும் பணம் தடுத்தது. ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் உள்நாட்டு இணைய அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. உள்ளூர் இணைய வணிகத்தில் நம்பிக்கை வளர அது உதவியது. டாலரில் விற்கும் கடைக்கோ வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஏற்ற கிரெடிட் கார்டு தேவை. புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவுக் குடும்பத்தில் அது கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனின் கார்டு, அல்லது கடைகளில் விற்ற ஸ்டீம் வாலட் குறியீடு, இவைதாம் வழி.

2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை காட்டத் தொடங்கியது. 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தெருக் கேபிள்காரரே ஃபைபர் இணைப்பும் கொடுக்க ஆரம்பித்தார். இவற்றில் ரூபாய் விலையைத் தவிர வேறெதுவும் விளையாட்டுக்காக நடந்ததல்ல. திருட்டுப் பிரதி என்பது விலைச் சிக்கல் அல்ல, சேவைச் சிக்கல் என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011இலேயே வாதிட்டிருந்தார். தமிழ்நாட்டு அனுபவம் அதை ஆதரிக்கிறது, ஒரு திருத்தத்தோடு: இங்கே அந்தச் சேவையின் பெரும்பகுதியைக் கட்டித் தந்தவர்கள் விளையாட்டு வணிகர்கள் அல்லர், வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும்தாம். கதவு திறந்த நேரத்தில் வாசலில் நின்றது ஸ்டீம். இங்கே அது முதல் கடையானதற்கு அதன் தகுதி ஒரு காரணம் என்றால், இந்த நேரப் பொருத்தம் அதைவிடப் பெரிய காரணம்.

அரசின் பங்கும் விலையில் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து இணையவழி விற்கப்படும் இத்தகைய சேவைகளுக்கு 2016 டிசம்பரில் சேவை வரி, 2017 ஜூலை முதல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி.

கடைகளின் போட்டி

2018 டிசம்பரில் எபிக் கேம்ஸ் கடை திறந்தது. ஸ்டீம் விற்பனையில் 30 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். எபிக் 12 போதும் என்றது. எபிக் திறக்கும் சில நாட்களுக்கு முன் வால்வ், 1 கோடி டாலருக்கு மேல் விற்கும் விளையாட்டுகளுக்கு 25 என்றும், 5 கோடிக்கு மேல் 20 என்றும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டது. இந்தச் சண்டை முழுக்கக் கடைக்கும் படைப்பாளிக்கும் இடையிலானது. கழிவு குறைந்ததால் மட்டும் வாங்குபவருக்கு விலை குறைந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாங்குபவர் பக்கம் வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று கட்டுப்பாடு: 2019 ஜனவரியில், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, 'மெட்ரோ எக்ஸோடஸ்' ஸ்டீமிலிருந்து விலக்கப்பட்டு எபிக்குக்கு மட்டும் உரியதானது. மற்றொன்று இலவசம். எபிக் வாரந்தோறும் விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. 2020 மே மாதம், ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தபோது, ஜிடிஏ 5ஐயே கொடுத்தது. கூட்டம் தாங்காமல் கடையே முடங்கியது. ஆப்பிளுடனான வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, 2020ஆம் ஆண்டுக்கு மட்டும் விளையாட்டு வெளியீட்டாளர்களுக்குக் குறைந்தபட்ச விற்பனை உத்தரவாதமாக எபிக் ஏற்ற தொகை 44.4 கோடி டாலர். ஏழு தட்டு விளையாட்டை எங்கிருந்தோ நகலெடுத்து விளையாடிய காஞ்சிபுரத்து இளைஞர் அதையே ஒரு ரூபாய் செலவில்லாமல் சட்டப்படி பெற்றுக்கொண்டது இந்த வரலாற்றின் விசித்திரமான திருப்பம்.

தனிக் கடை கண்ட மற்றவர்களின் கதை வேறு. மைக்ரோசாஃப்டின் 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' சந்தை 2013இல் மூடப்பட்டது. ஆரிஜின் என்ற பெயரில் கடை திறந்த ஈ.ஏ. நிறுவனம் 2019 இறுதியில் ஸ்டீமுக்குத் திரும்பியது. யூபிசாஃப்டும் 2022இல் திரும்பியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் கணினிக்குக் கொண்டுவந்த கேம் பாஸ், வாங்குவதற்குப் பதில் மாத வாடகை என்றது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தையும் அதன் அடுப்படியையும் சொல்லும் 'வெண்பா', டொராண்டோவின் விசை கேம்ஸ் படைப்பு, 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. அன்றே ஸ்டீமில் விலைக்கும் கேம் பாஸில் வாடகைக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டு சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்றது. ஒரு தமிழ் விளையாட்டை வாங்கி வைத்துக்கொள்வதா, ஒரு மாதம் எடுத்து முடித்துவிடுவதா என்ற கேள்வி தமிழருக்கு எழுந்தது அப்போதுதான்.

கையில் நிற்பது

வைஸ் சிட்டிக்குத் திரும்பினால் தேர்வின் முழுக் கணக்கும் விளங்கும். அதன் உயிர் அதன் வானொலியில் ஒலிக்கும் 1980களின் பாடல்களில் இருக்கிறது. 2012இல் இசை உரிமைச் சிக்கலால் அந்த விளையாட்டு ஸ்டீமிலிருந்து நீக்கப்பட்டு, சில பாடல்கள் இல்லாமல் திரும்பியது. 2018இல் 'ஜிடிஏ 4' உரிம காலம் முடிந்து பல பாடல்களை இழந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களின் பிரதிகளும் தப்பவில்லை. 2021 அக்டோபரில், புதுப்பித்த பதிப்பு வரவிருந்ததால், பழைய வைஸ் சிட்டி கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஆட்டக்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு ராக்ஸ்டார் அதைத் தன் சொந்தக் கடையில் மட்டும் மீண்டும் வைத்தது. பர்மா பஜாரில் வாங்கிய தட்டு முழுப் பிரதியாக இருந்து, கீறல் விழாமல் இன்னும் இருந்தால், அதில் எல்லாப் பாடல்களும் இருக்கும். திருட்டுப் பிரதியைப் புகழ இதைச் சொல்லவில்லை. விற்றபின் பொருளைக் கடை தொட முடியாத காலமும், தொட முடிகிற காலமும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

யூபிசாஃப்டின் 'தி க்ரூ' 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதன்பின் அது ஓடாது. அதே ஆண்டு கலிபோர்னியா இயற்றிய சட்டம், விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. நிரந்தரமாகப் பதிவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு விலக்கு அளித்தது. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமின் பணம் செலுத்தும் பக்கம் அந்த அறிவிப்பைக் காட்டுகிறது. காஞ்சிபுரத்தில் கிழிந்த பழைய பட்டுப்புடவையையும் ஜரிகையின் வெள்ளிக்காக எடைபோட்டு வாங்க ஆள் வருவார். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சேர்த்த ஸ்டீம் நூலகத்தை விற்கவும் முடியாது, உயில் எழுதி மகனுக்குக் கொடுக்கவும் விதி இடம் தராது.

ஆகவே விலையை ஒப்பிடுவது கடைசிப் படியாக இருக்கட்டும். தனியாக விளையாடும் கதை விளையாட்டு ஜிஓஜியில் இருந்தால், டாலர் கணக்கில் கொஞ்சம் கூடுதலானாலும் அங்கே வாங்கி நிறுவல் கோப்பை வன்தட்டில் எடுத்து வைப்பதே அறிவு. நம் கணினியில் ஓடுமா என்ற ஐயம் இருந்தால் ஸ்டீம்: வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்ற விதி 2015 ஜூனிலிருந்து அங்கே இருக்கிறது. ஒருமுறை முடித்துவிட்டு மறக்கப்போவதை வாடகைக்கு எடுக்கலாம். எபிக் இலவசமாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், அதை நம் சொத்து என்று எண்ணாமல். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்துகின்றன. விற்கப்படுவது உரிமம் மட்டும்தான் என்பதை வாங்குபவரின் மொழியிலேயே, பணம் செலுத்தும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை அவற்றில் சேர்க்குமாறு நுகர்வோர் அமைப்புகள் அரசைக் கேட்க வேண்டும்.