செவ்வாயில் இறங்கிய சிறு பெட்டி

1976-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் அமெரிக்காவின் வைக்கிங் 1 விண்கலமும், செப்டம்பர் 3-ஆம் நாள் வைக்கிங் 2 விண்கலமும் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கின. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள சிறு பெட்டி ஒன்று இருந்தது. உயிரைத் தேடும் மூன்று சோதனைகள் அதற்குள் அடங்கியிருந்தன.

அவற்றுள் ஒன்றைக் கேளுங்கள். இயந்திரக் கை அள்ளிய மண்ணில், கதிரியக்கக் கரிமம் கலந்த சத்துநீர் விடப்பட்டது. நுண்ணுயிர் இருந்தால் அதை உண்டு வாயுவை வெளியிடும் அல்லவா? வாயு வந்தது! 160 பாகை செல்சியஸில் சூடாக்கிய மண்ணிலோ வரவில்லை. இது உயிரின் அடையாளமே என்றார் சோதனையை வகுத்த கில்பர்ட் லெவின்.

ஆனால், மண்ணைச் சூடாக்கிப் பார்த்த மற்றொரு கருவி, உயிருக்கு அடிப்படையான கரிமப் பொருள்களைக் காணவில்லை. ஆகவே, அது வெறும் இரசாயன மாற்றமே என்று பெரும்பாலோர் முடிவு செய்தனர்.

2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பைக் கண்டது. சூடேறினால் அது கரிமப் பொருள்களை அழித்துவிடக்கூடியது. பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. லெவின் 2021-இல் மறையும்வரை தம் கருத்தைக் கைவிடவில்லை.

பெற்றோர்களே! 'காணவில்லை' என்பது வேறு. 'இல்லை' என்பது வேறு. இந்த வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்துங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.