தூணுக்குப் பின்னால் ஓர் அத்தை

வத்தலக்குண்டு பக்கத்தில் சேவுகம்பட்டி. தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழங்களைச் சூறைவிடும் திருவிழாவுக்காகப் பேப்பரில் அடிபடுகிற ஊர். சில வருடங்களுக்கு முன் நான் போனது திருவிழாவுக்கு அல்ல... நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு!

நண்பரின் அத்தைக்கு எழுபதைத் தாண்டிய வயது. சின்ன வயதிலேயே கணவர் போய்விட, வாழைத் தோட்டத்தைத் தனியாகப் பார்த்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். கல்யாண வீட்டில் எதற்கெடுத்தாலும் 'அத்தையக் கேளு'தான். ஆனால், கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் அவரைக் காணோம். தேடினால், கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. "கூப்பிட்டாலும் வர மாட்டாங்க சார். 'எனக்கெதுக்கு'ம்பாங்க" என்றார் நண்பர்.

எனக்கெதுக்கு! நான் பி.காம். படித்தவன். திரும்பி வராத கடனைக் கம்பெனி 'வாராக்கடன்' என்று எழுதித் தள்ளிவிடும். இங்கே ஒரு பெண் தன்னைத்தானே அப்படி எழுதித் தள்ளியிருக்கிறார். ஊர் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஊர் சொல்லவே தேவையில்லாமல் போய்விட்டது.

விதவை மறுமணத்தை அனுமதித்து வெள்ளைக்காரன் சட்டம் போட்டது 1856-ல். சட்டம் புத்தகத்தில் இருந்தது. சிறுமியாகவே விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் பட்டம் வாங்கினார். தன்னைப் போன்ற பெண்களுக்குச் சென்னையில் இல்லம் நடத்தி, படிக்க வைத்து டீச்சர்களாக்கினார். மகத்தான காரியம். ஆனால், சமூகம் நைசாக ஒரு வேலை செய்தது. 'விதவை உதவாதவள்' என்ற பழைய அச்சை உடைத்துவிட்டு, 'விதவை என்றால் தொண்டு செய்பவள்' என்று புது அச்சு வார்த்துக்கொண்டது. சேவை பண்ணலாம்; சந்தோஷமாக இருக்கத்தான் கூடாது!

இந்த இரண்டாவது அச்சையும் உடைத்தவர், சேவுகம்பட்டிக்காரர்கள் பஸ் பிடித்துப் போகிற தூரத்தில்தான் வாழ்ந்தார். டாக்டர் சௌந்தரம். பஸ் கம்பெனி டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். டாக்டரான கணவர் இளம் வயதிலேயே இறந்துபோனார். பெற்றோர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க வைத்தார்கள். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டரானார்.

அதுவரை எல்லாம் சுபம். கேரளத்தைச் சேர்ந்த, வேறு சாதிக்காரரான ஜி. ராமச்சந்திரனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று அவர் சொன்னபோதுதான் அதே பெற்றோர் மறுத்தார்கள். இத்தனைக்கும் பழமையில் ஊறிய குரூரமான மனிதர்கள் இல்லை அவர்கள். மகளின் அறிவுக்கு மதிப்புக் கொடுத்தவர்கள், மனசுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். அவ்வளவுதான்.

விஷயம் காந்தியிடம் போனது. பரீட்சை வைக்காமல் விடுவாரா! ஒரு வருடம் இருவரும் சந்திக்காமல், தொடர்பே இல்லாமல் இருக்க வேண்டும்; அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் கல்யாணம். மாறவில்லை. 1940 நவம்பரில், காந்தியும் கஸ்தூர்பாவும் நூற்ற நூலில் நெய்த உடையில் கல்யாணம் நடந்தது. சட்டம் வந்து எண்பத்து நான்கு வருடங்கள் கழித்து!

1947-ல் தம்பதி சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிறியதாக ஆரம்பித்த மருத்துவமனை, கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்தியக் கல்வித் துணை அமைச்சர் என்று உயர்ந்த அந்த அம்மா, 1984-ல் மறைந்தார். இதே மாவட்டத்தில்தான் பெண் சிசுக்களைக் காப்பாற்ற, 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் விரிவுபடுத்த வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

பந்தி முடிந்ததும் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எம் புள்ளைக மூணும் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சுக" என்றார். டாக்டரம்மா கதையைச் சொன்னேன். மறுகல்யாணம் என்றதும் வெற்றிலை மடித்த கை நின்றது.

"அவுக வீட்டுல ஒத்துக்கிட்டாகளா?"

"இல்லைங்க."

"படிக்க வச்சாக... இதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டாகளாக்கும்" என்று சிரித்தார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து குரல்: "அத்தே... சமையல்காரருக்குக் கணக்கு முடிக்கணும், வாங்க!"

இடுப்புச் சுருக்குப்பையைத் தடவிக்கொண்டே எழுந்து போனார்.