காந்தளின் சுற்றம்



கார்த்திகை மழையில் வேலியோரப் பற்றைகளின் மேலேறிச் சுடர்விட்டு நிற்கும் கார்த்திகைப்பூவை நம்மில் அறியாதார் இலர். பண்டைப் புலவர் அதனைக் காந்தள் என்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே நிரல்படக் கூறிய தொண்ணூற்றொன்பது பூக்களுள் முதலிடம் பெற்றது காந்தளே. தோன்றி, கோடல் என்னும் பெயர்களும் அந்நிரலில் உள. நிகண்டு நூலார் தோன்றியைச் செங்காந்தள் என்றும், கோடலை வெண்காந்தள் என்றும் வகுத்தனர். நிறங்கொண்டு வகுத்த வகுப்பு அது.

மேலைநாட்டார் வகுத்ததும் கண்ணாற் கண்டே. 1672இல் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன், பின்னர் லைடன் நகரப் பூங்காவின் செடிகளைப் பற்றி எழுதிய நூலில் இக்கொடியை 'மெத்தோனிக்கா' என்று குறித்தார். மலையாளத்து மேந்தோன்னி என்னும் பெயரே இலத்தீன் உடை தரித்து அவ்வாறு ஆயிற்று. அதனுள் நமது 'தோன்றி' ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1753இல் லின்னேயசு அதனை விடுத்து 'குளோரியோசா சுப்பெர்பா' என்று பெயரிட்டார். புகழுடையது, பெருமிதமானது என்பது பொருள். பெயர் அழகியதுதான், ஆயினும் மண்ணின் பெயர் போயிற்று.

பெந்தமும் ஹூக்கரும் 1883இல் இதனை லில்லிக் குடும்பத்திற் சேர்த்தனர். ஆறு இதழ், ஆறு கேசரம், மண்ணுக்கடியிற் கிழங்கு என்றிருக்க, வேறெங்கே சேர்ப்பது? கொடி மடிந்தபின்னும் கிழங்கு உயிரோடிருந்து மறுமழைக்கு முளைக்கும்.

எனினும் அந்தக் கிழங்கை நம்மூரார் நோக்கிய நோக்கே வேறு. கலப்பை போன்று வளைந்திருத்தலாற் கலப்பைக்கிழங்கு என்றனர். நஞ்சென்று பிள்ளைகளை விலக்கினர். வற்றாளங்கிழங்கென மயங்கி உண்டு மாண்டவர் இந்நாட்டில் உளர். அந்நஞ்சு யாதென்பது 1915இல் வெளியான இரசாயன ஆய்வினாற் புலப்பட்டது. ஐரோப்பாவிலே கீல்வாதத்திற்கு மருந்தாக வழங்கிய கொல்சிக்கம் என்னும் செடியிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கொல்சிசீன் எனும் அதே பொருளே இதிலும் இருந்தது.

தோற்றத்திலோ இவ்விரண்டுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. கொல்சிக்கம் நிலத்தை ஒட்டிக் கிண்ணம்போற் பூப்பது. காந்தளோ இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கி மேலேறி, இதழ்களைப் பின்னோக்கி மடிப்பது. ஆயினும் மரபணுக்களை ஒப்புநோக்கிய அறிஞர் நஞ்சு சொன்ன உறவையே மெய்யென்று கண்டனர். 1998இல் அவர்கள் வெளியிட்ட வகைப்பாட்டில், லில்லியினின்று வேறாகிய கொல்சிக்கக் குடும்பம் தனித்து நின்றது. காந்தள் இன்று அக்குடும்பத்தது. பூவைக் கண்டு மயங்கிய பண்டிதரினும், கிழங்கைக் கண்டு அஞ்சிய பாட்டிமார் உண்மைக்கு அணுக்கமாய் இருந்தனர் என்பேன்.

பேரினத்தின் எல்லையும் அத்துடன் மாறியது. தென்னாபிரிக்காவில் லிட்டோனியா என்றொரு கொடி உண்டு. செம்மஞ்சள் மணிபோல் தொங்கும் அதன் பூவின் இதழ்கள் பின்னோக்கி மடிவதில்லை. அதனாலேயே 1853 முதல் அதனை வேறு பேரினமாக வைத்திருந்தனர். 2007இல் வின்னெர்ஸ்டன், மானிங் என்னும் இருவர் அதனையும் குளோரியோசாவினுள் அடக்கினர். இன்று ஏறக்குறையப் பத்து இனங்களையுடைய இச்சிறு பேரினத்தில், நம் வேலியோரக் காந்தளுக்கு உறவினர் பெரும்பாலும் ஆபிரிக்காவிலேயே வாழ்கின்றனர்.